கல் உடைந்துவிட்டது, ஏன் வெளியே வரவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

சிறுநீரகக் கல் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "சிகிச்சை எடுத்தும் கல் போகவில்லை." ஆகவே இந்த இதழில் உணவுப் பத்தியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, சிறுநீரகத்தின் உள்ளமைப்பைத் தொடும் கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பதில் தருபவர்கள், சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் குழுவினர்.

எனக்கும் என் மைத்துனருக்கும் ஒரே அளவு கல், 12 மி.மீ. இருவரும் ஒரே இடத்தில் ஷாக்வேவ் (வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சை) வைத்துக்கொண்டோம். அவருக்கு மூன்று வாரத்தில் எல்லாம் வந்துவிட்டது. எனக்கு இரண்டு தடவை வைத்தும் ஸ்கேனில் 'லோயர் காலிக்ஸில் துகள்கள்' என்றே வருகிறது. மெஷினில் கோளாறா? – வாசகர், திண்டுக்கல்

மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். கல் துகளாகிவிட்டது என்று உங்கள் ஸ்கேனே சொல்கிறது. உடைவது ஒரு வேலை, வெளியேறுவது வேறு வேலை. உங்களுக்கு இரண்டாவதுதான் நடக்கவில்லை.

சிறுநீரகத்தின் சதையில் ஊறும் சிறுநீர் கூம்பு கூம்பான முனைகளில் சொட்டுகிறது. ஒவ்வொரு முனையையும் ஒரு சின்னக் கிண்ணம் கவ்வியிருக்கும். ரிப்போர்ட்டில் 'காலிக்ஸ்' என்று போட்டிருப்பது இந்தக் கிண்ணத்தைத்தான். ஒரு சிறுநீரகத்தில் ஏழெட்டு முதல் பன்னிரண்டு வரை இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். கிண்ணத்திலிருந்து ஒரு கழுத்து வழியாகச் சிறுநீர் நடுவிலுள்ள புனலுக்கு வரும். புனலின் அடிவாயில் சிறுநீர்க்குழாய் தொடங்கும். மேல்கிண்ணத்தில் உடைந்த கல் தானாகவே புனலுக்குள் சறுக்கிவிடும். நடுக்கிண்ணமும் பரவாயில்லை. கீழ்க்கிண்ணம் மட்டும் புனல்வாய்க்கும் கீழே தொங்குகிறது. அங்கே கிடக்கும் துகள் மேலே ஏறி, வளைந்து, பிறகுதான் புனலில் விழ வேண்டும். கிணற்றின் அடியில் கிடக்கும் மணல் யாரும் அள்ளாமல் மேலே வருமா? மைத்துனரின் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அவருடைய கல் அநேகமாகப் புனலிலோ மேல்கிண்ணத்திலோ இருந்திருக்கும்.

கீழ்க்கிண்ணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிரேசில் நாட்டு உடற்கூறு ஆய்வாளர் சம்பாயோ 1990-களின் தொடக்கத்தில், கீழ்க்கிண்ணக் கழுத்துக்கும் புனலுக்கும் இடையிலுள்ள கோணம் 90 டிகிரிக்குக் குறைந்தால் துகள் வெளியேறுவது கடினம் என்றார். 1998-ல் எல்பனாசியும் சகாக்களும் மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கோணம் 70 டிகிரிக்கு மேல், கழுத்தின் நீளம் 3 செ.மீ.க்குள், அகலம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் சாதகம். கோணம் குறுகி, கழுத்து நீண்டு ஒடுங்கியும் இருந்தால் பாதகம். இந்த அளவுகளில் மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு கோணம் வரும். ஆனால் கீழ்க்கிண்ணத்தில் ஷாக்வேவ் பின்தங்குகிறது என்பதில் சண்டை இல்லை. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கீழ்க்கிண்ணக் கல்லுக்கு ஷாக்வேவ் வைத்தவர்களில் மூன்று மாதத்தில் கல் முழுதும் நீங்கியவர்கள் 37 சதவீதம்தான். முதுகு வழியாகத் துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். செய்தவர்களில் 95 சதவீதம்.

உடையவே மறுக்கும் கல்லுக்குக் காரணம் வேறு. சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தி 1000 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகைத் தாண்டினாலும், தோலிலிருந்து கல்லுக்கு 10 செ.மீ.க்கு மேல் தூரம் இருந்தாலும் அலையின் வேகம் பலிக்காது. உங்கள் கல் உடைந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

இனி என்ன செய்வது? கடைசி ஷாக்வேவிலிருந்து மூன்று மாதம் வரை காத்திருக்கலாம். நிறையத் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் கழித்து, தலை தாழ்வாக, கல் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துப் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே பத்து நிமிடம் தட்டிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. கிணற்றையே கவிழ்ப்பது போலத்தான். சிலருக்குப் பலன் தருகிறது. ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்வதே நல்லது. மூன்றாவது தடவை ஷாக்வேவ் வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். உடைந்ததை மறுபடி உடைப்பதால் பாதை நேராகிவிடாது. மீதி 5 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ வலி, தொற்று இருந்தாலோ, வளையும் குழாய்க் கருவியை உள்ளே விட்டு லேசரால் எடுக்கும் ஆர்.ஐ.ஆர்.எஸ். முறைக்குப் போய்விடலாம்.

ஆர்.ஐ.ஆர்.எஸ். என்று சொல்லித்தான் என் மனைவியை உள்ளே அழைத்துப் போனார்கள். மயக்கம் தெளிந்த பிறகு, "கருவி போகவில்லை, ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய்) மட்டும் வைத்திருக்கிறோம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்கிறார்கள். இது இரண்டு தடவை பணம் வாங்கும் வேலையா? – வாசகர், ஈரோடு

கோபம் புரிகிறது. ஆனால் அந்த மருத்துவர் நிறுத்தியதுதான் சரி. முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு.

சிறுநீர்க்குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளே 3, 4 மி.மீ. அகலம். மூன்று இடத்தில் இன்னும் ஒடுங்கும்: புனலைவிட்டு வெளியேறும் இடம், இடுப்புக்குள் பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கடைசி இடம்தான் மிகக் குறுகல். கருவி சுலபமாகப் போய்வரவும், உள்ளே பாய்ச்சும் நீர் திரும்பி வழியவும் முதலில் ஓர் உறைக்குழாய் செருகுவார்கள். அதன் வெளி விட்டம் வழக்கமாக 12 முதல் 14 பிரெஞ்ச். 3 பிரெஞ்ச் ஒரு மி.மீ. என்பது கணக்கு, ஆகவே 4 முதல் 4.7 மி.மீ. முன்பு ஸ்டென்ட் வைக்காத குழாயில் இது சிலருக்கு ஏறாது. அழுத்தினால் குழாயின் சுவர் கிழியும். கிழிசல் ஆறும்போது சுருங்கி, பின்னால் சிறுநீரகமே அடைபடும். டி.ஜே. ஸ்டென்ட்டை ஒன்றிரண்டு வாரம் உள்ளே விட்டால் குழாய் தளர்ந்து கொடுக்கும். அடுத்த முறை பெரும்பாலும் தடையில்லாமல் போகும்.

"முதல் தடவையே முடியாமல் போகலாம், அப்படியானால் செலவு என்ன?" என்பது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம். ஸ்டென்ட் வைத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வலி இல்லையென்று மறந்துபோய் வருடக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து, உருவ முடியாமல் போகும். மூன்று மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

கருவி சிறுநீரகத்தை எட்டிய பிறகும் உள்ளமைப்பு விடாது. வெறுமனே பிடித்தால் கருவியின் முனை 270 டிகிரி வளையும். உள்ளே லேசர் இழையை விட்டதும் வளைவு குறைந்துவிடும். கீழ்க்கிண்ணக் கோணம் 30 டிகிரிக்கும் குறைவாகவோ கழுத்து 3 செ.மீ.க்கு மேல் நீளமாகவோ இருந்தால், கல் கண்ணுக்குத் தெரியும், லேசர் எட்டாது. அதனால் 200 மைக்ரான் அளவிலான மெல்லிய இழையை எடுப்பார்கள். அதுவும் போதாவிட்டால், நிக்கல்-டைட்டானியக் கம்பியால் செய்த சின்னக் கூடையில் கல்லைப் பிடித்து மேல்கிண்ணத்துக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து உடைப்பார்கள். கருவியை மடக்கிவைத்துப் போராட வேண்டாம், தூள் வெளியேறும் வழியும் நேராகிவிடும். கீழேயே வைத்துப் பொடித்தால் அந்தப் பொடி மறுபடி அதே குழியில்தான் தங்கும். இப்போது வந்திருக்கும், முனை வளைந்து உறிஞ்சும் உறைக்குழாய்கள் இந்தத் தொல்லையை ஓரளவு குறைக்கின்றன.

என் மகனுக்கு 28 மி.மீ. கல், மேல்கிண்ணம் வரை கிளை விட்டிருக்கிறது. பி.சி.என்.எல். செய்ய வேண்டும், விலா எலும்புக்கு மேலே குத்த நேரலாம், நுரையீரல் பக்கம் டியூப் வைக்கவும் வாய்ப்பு உண்டு என்று எழுதி வாங்குகிறார்கள். சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? – வாசகி, தஞ்சாவூர்

சம்பந்தம் அக்கம்பக்கம்தான். சிறுநீரகத்தின் மேல்பகுதி 11, 12-ஆவது விலாக்களுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை முதுகுப்பக்கத்தில் 12-ஆவது விலா வரை இறங்கி வருகிறது. மேல்கிண்ணத்தைக் குறிவைத்து விலாவுக்கு மேலே குத்தினால் ஊசி அந்த உறையைத் துளைக்கலாம். துளைத்தால் பாய்ச்சும் நீரோ காற்றோ நெஞ்சுக்குள் புகும். 12-ஆவது விலாவுக்கு மேலே குத்துவதில் ஆபத்து குறைவு; 11-ஆவதுக்கு மேலே போனால் பல மடங்கு கூடும். மூச்சை வெளியே விட்ட நிலையில் நிறுத்திவைத்துக் குத்துவது, முடிந்ததும் நெஞ்சை எக்ஸ்ரேயில் பார்ப்பது ஆகியவை வழக்கமான பாதுகாப்பு. வார்டுக்கு வந்த பிறகு மூச்சுத் திணறலோ மூச்சு இழுத்தால் தோள்பட்டையில் வலியோ வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவு ஆபத்தை ஏன் விலை கொடுத்து வாங்குகிறார்கள்? சிறுநீரகம் செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை முதுகெலும்பை நோக்கியும் பின்னோக்கியும் சாய்ந்திருக்கிறது, கீழ்முனை வெளியேயும் முன்னேயும் தள்ளி நிற்கிறது. மேல்கிண்ணத்தில் நுழைந்தால் புனலும் கீழ்க்கிண்ணமும் சிறுநீர்க்குழாயின் வாயும் ஒரே நேர்கோட்டில் கிடைக்கும். வளையாத கருவியை வைத்துக்கொண்டு கிளைவிட்ட கல்லை அள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. கீழே நுழைந்தால் பாதுகாப்பு அதிகம், ஆனால் மேல்கிளை மிச்சமாகிவிடலாம். எது தேவை என்பதைக் கல்லின் வடிவம் தீர்மானிக்கும்.

எந்தக் கிண்ணம் என்பதைவிட, கிண்ணத்தின் எந்த இடம் என்பதே ரத்தப்போக்கைத் தீர்மானிக்கிறது. கூம்பு முனை வழியாகக் கிண்ணத்தின் நடு உச்சியில் நுழைந்தால் அங்கே மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள்தான். கிண்ணத்தின் கழுத்தையோ நேரே புனலையோ குத்தினால் கதை வேறு. கழுத்தை ஒட்டிப் பெரிய தமனிகள் ஓடுகின்றன. சிறுநீரகத்தின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ரத்தம் தரும் கிளைகள் சந்திக்கும் எல்லையில், பக்கவாட்டில் சற்றுப் பின்னே, ரத்தக்குழாய் குறைந்த ஒரு கோடு இருக்கிறது. புரோடல் கோடு என்று அதற்குப் பெயர். பின்பக்கக் கிண்ணத்தின் உச்சியைக் குறிவைத்துக் குத்தினால் ஊசி இந்தக் கோட்டை ஒட்டியே போகும்.

அப்படியானால் பின்கிண்ணம் எது, முன்கிண்ணம் எது என்று எக்ஸ்ரேயின் தட்டைப் படத்தில் எப்படித் தெரியும்? ஒரு பழைய தந்திரம் உண்டு. நோயாளி குப்புறப் படுத்திருக்கும்போது, கீழிருந்து செலுத்தும் சாய மருந்து கனமானதால் முன்கிண்ணங்களில் தேங்கும். கொஞ்சம் காற்றைச் செலுத்தினால் அது மிதந்து பின்கிண்ணங்களில் ஏறும். படத்தில் கருப்பாகத் தெரிவதைக் குறிவைக்க வேண்டியதுதான். தவறி முன்கிண்ணத்தில் நுழைந்துவிட்டால், அங்கிருந்து புனலுக்குத் திரும்ப வளையாத கருவியைத் திருகித் திருப்ப வேண்டியிருக்கும். கழுத்து கிழிந்து ரத்தம் கொட்டுவது பெரும்பாலும் இந்தத் திருகலில்தான். நல்ல மருத்துவர் அந்த இடத்தில் திருகுவதை விட்டுவிட்டு, வளையும் கருவியைக் கேட்பார் அல்லது இரண்டாவது துளை போடுவார். "ஒரே துளையில் முடித்தேன்" என்ற பெருமையைவிட இரண்டு நேரான துளைகள் மேல்.

துளையின் அளவு வழக்கமாக 24 முதல் 30 பிரெஞ்ச், அதாவது 8 முதல் 10 மி.மீ. 'மினி' என்று சொல்வது 20 பிரெஞ்சுக்குள். கழுத்து ஒடுங்கிய சிறுநீரகத்தில் மினி ரத்தப்போக்கைக் குறைக்கும். ஆனால் 28 மி.மீ. கல்லை அதன் வழியே பொடித்து எடுக்க நேரம் கூடும்.

மகன் ஒல்லியானவர் என்றால் சி.டி.யில் பெருங்குடல் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா என மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்குக் குடல் சிறுநீரகத்தின் பின்னால் வரை வந்து நிற்கும், இடப்பக்கக் கீழ்முனையில் இது அதிகம். படம் பார்க்காமல் குத்தினால் ஊசி குடலில் போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் இரண்டொரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. தெளிந்த பிறகு, ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திடீரென ரத்தக்கட்டியோடு சிவப்பாக வந்தால், காயப்பட்ட தமனியில் ஒரு குமிழ் வீங்கி வெடித்திருக்கலாம். காலை வரை காத்திருக்க வேண்டாம். தொடை அல்லது கை வழியாக மெல்லிய குழாயை அனுப்பி அந்தத் தமனிக் கிளையை மட்டும் அடைக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு இரவென்றாலும் போய்விடுங்கள்.

ஸ்கேனில் 'ஹார்ஸ் ஷூ கிட்னி' என்று வந்திருக்கிறது, கூடவே 16 மி.மீ. கல். இது புற்றுநோய் மாதிரி ஏதாவதா? ஷாக்வேவ் போதுமா? – வாசகி, நாகர்கோவில்

புற்றுநோய் இல்லை, பிறவி அமைப்பு. சுமார் 400, 500 பேரில் ஒருவருக்கு இருக்கும். இரண்டு சிறுநீரகங்களின் கீழ்முனைகளும் கருவிலேயே ஒட்டிக்கொண்டு லாடம் போல நிற்கும். கருவில் சிறுநீரகம் இடுப்பிலிருந்து மேலே ஏறும் வழியில், குடலுக்குப் போகும் கீழ்த்தமனி அந்த ஒட்டுப் பாலத்தை மறித்துவிடுவதால் அது தாழ்ந்தே தங்கிவிடுகிறது. உள்பக்கம் திரும்ப வேண்டிய புனல் முன்பக்கம் பார்த்தே நின்றுவிடும். சிறுநீர்க்குழாய் உயரத்தில் தொடங்கி, பாலத்தைத் தாண்டி இறங்க வேண்டும். ஓட்டம் மந்தம், அதனால் கல்லும் அதிகம்.

ஷாக்வேவ் கல்லை உடைக்கும். துகள் வெளியேறுவதுதான் திண்டுக்கல் வாசகரின் கதையைவிட மோசமாக இருக்கும். 16 மி.மீ.க்கு ஆர்.ஐ.ஆர்.எஸ். அல்லது பி.சி.என்.எல். பொருத்தம். இந்த அமைப்பில் பி.சி.என்.எல். பலர் நினைப்பதைவிட வசதியானது. கிண்ணங்கள் பின்னோக்கிப் பார்க்கின்றன, முக்கிய ரத்தக்குழாய்கள் முன்பக்கமும் உள்பக்கமுமாக வருகின்றன. சிறுநீரகம் தாழ்ந்திருப்பதால் மேல்கிண்ணத்தையே விலாவுக்குக் கீழிருந்து எட்டிவிடலாம். சிக்கல்கள் வேறு: துளைப்பாதை நீளம், எனவே நீளமான உறையும் கருவியும் தயாராக இருக்க வேண்டும், பாலத்தை ஒட்டிய கீழ்க்கிண்ணத்தை வளையாத கருவி எட்டாது, குடல் பின்னால் இருக்கும் வாய்ப்பும் அதிகம். சி.டி. எடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

'காலிசியல் டைவர்ட்டிகுலத்தில் கல்' என்றால்? – வாசகர், கரூர்

கிண்ணத்தை ஒட்டிய சின்னப் பை. வாய் ஊசிமுனை அளவு. ஷாக்வேவில் கல் தூளாகி வலி குறையலாம், தூள் பையிலேயே கிடக்கும். பையின் வாயை லேசரால் அகலப்படுத்தி எடுக்க வேண்டும், அல்லது நேரே பைக்குள் துளையிட வேண்டும். தொந்தரவு இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பிறவிப் பை இல்லாமல் கிண்ணத்தின் கழுத்து பிற்காலத்தில் சுருங்கியிருந்தால், நம் ஊரில் முதலில் காசநோயைத் தேட வேண்டும். சிறுநீரில் சீழணுக்கள் இருந்தும் வழக்கமான கல்ச்சரில் கிருமி வளராவிட்டால் சந்தேகம் வலுக்கும்.

நான்கு வருடத்தில் மூன்று தடவை இடப்பக்கம் மட்டும் கல். ஒவ்வொரு தடவையும் சுத்தமாக எடுத்தார்கள். வாழைத்தண்டு, முள்ளங்கி எல்லாம் சாப்பிடுகிறேன். – வாசகர், விழுப்புரம்

வாழைத்தண்டு கூட்டு சாப்பிடுங்கள், ருசிக்காக. ஒரே பக்கம் மட்டும் திரும்பத் திரும்பக் கல் வந்தால் உணவைவிட அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தமும் உணவும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாயிற்றே.

புனலும் சிறுநீர்க்குழாயும் சேருமிடம் பிறவியிலேயே ஒடுங்கியோ, குறுக்கே ஓடும் ஒரு ரத்தக்குழாயால் நசுங்கியோ இருக்கலாம். சிறுநீர் தேங்கும், தேங்கிய இடத்தில் படியும். கல்லை மட்டும் எடுப்பது, வாய்க்கால் அடைப்பை விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் அள்ளுவது. கல் இல்லாத சமயத்தில், சிறுநீர் வடியும் வேகத்தைக் காட்டும் ஐசோடோப் ரீனோகிராம் எடுத்துப் பாருங்கள். கல் சிக்கியிருக்கும்போது எடுத்தால், அந்த வீக்கமே அடைப்பைப் போலக் காட்டும். அடைப்பு உறுதியானால் பைலோபிளாஸ்டி என்னும் சீரமைப்பு அறுவை சிகிச்சை தேவை. லேப்ராஸ்கோப்பியில் அதைச் செய்யும்போதே உள்ளே இருக்கும் கல்லையும் எடுத்துவிடலாம். அடைப்பு இல்லையென்றால் கல்லைச் சோதனைக்கு அனுப்பி, 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்டால் உண்மை நிலவரம் தெரியும்? – வாசகி, கோயம்புத்தூர்

"எத்தனை மி.மீ.?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கிண்ணம், கழுத்து எப்படி, எத்தனை கிண்ணங்களில் கல் பரவியிருக்கிறது, அடர்த்தி எவ்வளவு என்று கேளுங்கள். இவை நான்கும் சாயம் செலுத்தாத சி.டி.யிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். கிளைவிட்ட கல், பிறவி மாற்றம் என்றால் சாயம் செலுத்திய சி.டி.யும் வேண்டும், அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும்.

பி.சி.என்.எல். என்றால் 'கைஸ் ஸ்கோர்' எத்தனை என்று கேட்கலாம். லண்டனின் கைஸ் மருத்துவமனைக் குழு 2011-ல் வெளியிட்ட நான்கு படி அளவுகோல் இது. இயல்பான அமைப்பில், நடு அல்லது கீழ்க்கிண்ணத்திலோ புனலிலோ ஒற்றைக் கல் என்றால் முதல் படி. சிறுநீரகம் முழுக்கக் கிளைவிட்ட கல் நான்காம் படி. அவர்களுடைய நோயாளிகளில் ஒரே அறுவையில் கல் முழுதும் நீங்கியது முதல் படியில் 81 சதவீதம், நான்காம் படியில் 29 சதவீதம். நான்காம் படிக்காரரிடம் "ஒரே சிட்டிங்கில் நூறு சதவீதம்" என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

சிறுநீர்க் கல்ச்சர் எடுத்தார்களா என்பதையும் விடாதீர்கள். கழுத்து ஒடுங்கிய கிண்ணத்தில் பாய்ச்சும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடும். சிறுநீரில் கிருமி இருந்தால் அது ரத்தத்தில் கலந்து, அன்று இரவே குளிர்காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வரும். கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் தேதியைத் தள்ளிப்போட்டு மருந்து முடித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, "கல் முழுதும் போய்விட்டது" என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது. அல்ட்ராசவுண்டில் சின்னத் துகள் தப்பும், சில சமயம் இல்லாத கல்லும் தெரியும். சந்தேகம் இருந்தால் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுக்கலாம். அதையும் மறுநாளே எடுக்க வேண்டாம். தூள் இறங்க அவகாசம் கொடுத்து நான்கு வாரத்துக்குப் பிறகு எடுங்கள். 4 மி.மீ.க்குள் மிச்சம் இருந்தால் உடனே மறுபடி உள்ளே போகத் தேவையில்லை. ஆனால் அது கீழ்க்கிண்ணத்தில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டே வர வேண்டும்.